எங்கே போறே என்று கேட்டவள்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப் படிப்புகள் நடந்துகொண்டிருந்தன. இரண்டுமே ஊருக்குச் சிரிப்புதான். நான் மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் மழலையர் கல்வி படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, அதிலும் போய் யூத சமயத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தான். எழுபதுகளின் நடுவில், மரக்காணத்தில், இந்த இரண்டையும் யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பாருங்கள். நாக்கு தள்ளிவிடும்.

"பால்வாடியில ஆயா வேலை பாக்கவா மெட்ராஸ் போய் மூணு வருஷம் படிக்கிற?" என்று அப்பாவின் சிநேகிதர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேருக்கு நடுவில் கேட்டார். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். "உங்க பேரனை ஒரு நாள் எங்கிட்ட விட்டுப் பாருங்க, மூணு வருஷம் போதாதுன்னு நீங்களே சொல்வீங்க," என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா என்னோடு பேசவில்லை.

அண்ணன் அப்படியில்லை. அவனுக்குக் கோபமே வராது. "யூதருன்னா யாரு தம்பி? நம்ம ஜில்லாவுல எங்க இருக்காங்க?" என்று யாராவது கேட்டால் ஆபிரகாமிலிருந்து ஆரம்பித்துப் பொறுமையாகச் சொல்வான். எகிப்துக்குப் போவதற்குள் கேட்டவருக்குப் பஸ் வந்துவிடும். அவன் அந்தப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம் பெரிய பக்தி எல்லாம் இல்லை. கல்லூரியில் வேறு யாரும் அதை எடுக்கவில்லை, தனியாகப் படித்தால் தானே முதல் என்று கணக்குப் போட்டான். தனியாகப் படித்து, தனியாகப் பெயிலானான். மறுபடி வாய்மொழித் தேர்வு வைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல ஒரு யூதப் பண்டிகையை விளக்கிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் அந்தக் கோடையில் ஒரு சோதனை இருந்தது. கடைசி வருஷத்துக்குப் போவதற்கு முன் ஆறு வாரம் ஏதாவது ஒரு பால்வாடியில் வேலை செய்ய வேண்டும். அங்கே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தினமும் கவனித்து, ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். உப்பளத்து ஓரம் இருந்த பால்வாடியில் டீச்சர் பிரசவ லீவில் போயிருந்தார். அந்த இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள். கிளம்பும்போது எங்கள் மேடம் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "நீ கேள்வி கேட்டால் பிள்ளைகள் நன்றாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளைகூட உன்னை எதுவும் கேட்பதில்லை. இந்த ஆறு வாரத்தில் அவர்களைக் கேட்க வை." எனக்குச் சுருக்கென்றது. மேடம் என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பால்வாடி என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு மண்பானை, இருபது பிள்ளைகள். வெயில் ஏறிவிட்டால் அளத்தில் நிற்க முடியாது. அதனால் பொழுது விடியும் முன்பே பெண்கள் வந்துவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கொட்டகையில் கிடத்திவிட்டுப் பாத்திக்குப் போவார்கள். ஆண்கள் உப்பைப் பலகையால் இழுத்து வரப்பில் சேர்ப்பார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். ஒன்பது மணிக்குக் கூழ் குடிக்கக் கொட்டகைக்கு வருவார்கள். பதினோரு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்து ஓட வேண்டியிருந்தது. படிப்பில் இதைப் பற்றி யாரும் சொல்லவேயில்லை.

முதல் வாரத்திலேயே அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டேன். ஐந்து வயது முடிந்திருந்தது. ரெட்டைச் சடை, கொஞ்சம் பெரிய கவுன், இடுப்பில் எப்போதும் ரெண்டு வயதுத் தம்பி. எதைச் சொன்னாலும் செய்வாள். கிளிஞ்சலை எண்ணி அடுக்கு என்றால் அடுக்குவாள். மணலில் எழுது என்றால் எழுதுவாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். ஊமையில்லை, செவிடுமில்லை. அவளுடைய அம்மாவைக் கேட்டேன்.

"முன்னாடியெல்லாம் பொரிஞ்சு தள்ளும் டீச்சரம்மா. வாயை மூடுடின்னு நான்தான் கத்துவேன். அவங்கப்பா போனதுலேர்ந்து இப்படி ஆயிடுச்சு. ஒண்ணரை வருஷம் ஆவுது. எங்கிட்டகூட கையைத்தான் காட்டும்."

போன ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் வழக்கம்போல வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டாள். பெயர் கேட்டார். சொல்லவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்துக் கேட்டும் சொல்லவில்லை. "பேசாத பிள்ளையை உக்கார வெச்சு நான் என்னம்மா சொல்லிக் கொடுக்கறது? அடுத்த வருஷம் பேச வெச்சுக் கூட்டியா," என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒரே ஆளாக மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜூனுலயும் திருப்பி அனுப்பிட்டா அவ்ளோதான். தம்பியைத் தூக்கிக்கிட்டு இங்கேயே கிடக்கும். அப்புறம் கூடை தூக்கும். வேற இன்னா?" என்றாள் அம்மா. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'ரெக்கார்டு நோட்டுக்கு நல்ல பிள்ளை கிடைத்தது' என்று தோன்றியது. அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயரை எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

இதற்கிடையில் அண்ணன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். வீட்டில் அப்பாவின் ரேடியோ தொல்லை, இங்கே கடல் காற்று வருகிறது என்றான். கூழ் குடிக்க வரும் பெண்களுக்கு அவன் பொழுதுபோக்காகிவிட்டான். "இன்னிக்கு இன்னா தம்பி, உங்காளுங்க இன்னா பண்ணாங்க?" என்று கேட்பார்கள். யூதர்கள் எல்லாம் அவனுக்குச் சித்தப்பா பெரியப்பா மாதிரி. வாரத்தில் ஒரு நாள் அவர்கள் எந்த வேலையும் செய்ய மாட்டார்கள், சுமை தூக்கக் கூடாது, அடுப்புகூடப் பற்ற வைக்கக் கூடாது என்று சொன்னான். கொட்டகையே அதிர்ந்தது.

"அடுப்பும் பத்த வைக்க வேணாம், கூடையும் தூக்க வேணாமா? யப்பா, அது எந்தப் பக்கம்னு சொல்லு, நான் இப்பவே பஸ் ஏறிடறேன்," என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா. அவள் அப்படித்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் என்று பார்த்தால் சொல்ல முடியாது. எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் சிரிக்காமல் கூழைக் கரைத்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது வாரம் நான் ஒரு பெரிய திட்டத்தோடு வந்தேன். மேடம் சொன்னபடி பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு பஸ் விளையாட்டு. கயிற்றைச் சுற்றிக் கட்டி, உள்ளே செங்கல்லை வரிசையாக வைத்தால் சீட். ஒருத்தன் டிரைவர், ஒருத்தன் கண்டக்டர். கண்டக்டர் ஒவ்வொருத்தரிடமும் வந்து 'எங்கே போறீங்க?' என்று கேட்டு, கிழித்து வைத்த காகிதத்தை டிக்கெட்டாகக் கொடுக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே இதை நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விசில் நன்றாக ஊதினான் கண்டக்டர். "ரைட், ரைட்" என்றான். "பின்னாடி போ, பின்னாடி போ" என்று எல்லாரையும் நெருக்கினான். ஆனால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. காகிதத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

"டேய், கேக்கணும்டா. எங்கே போறீங்கன்னு கேட்டாத்தானே டிக்கெட் கொடுக்க முடியும்?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேறு ஒருத்தனைக் கண்டக்டராக்கினேன். அவனும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. விசிலை வாங்கி நானே கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முதல் செங்கல்லில் அந்தப் பெண் மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் குனிந்து, குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டேன். "அம்மாடி, நீங்க எங்கே போறீங்க?"

பின்னாலிருந்து ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னது. "கேக்காதீங்க டீச்சர். செத்துப் போயிடுவாங்க."

அந்தப் பெண் எழுந்தாள். பையைச் செங்கல் மேல் வைத்தாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போய், வரப்பு மேலேயே நடந்து அவள் அம்மாவிடம் போய்விட்டாள். அழவில்லை, ஓடவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

பத்து நிமிஷத்தில் அவள் அம்மா கால் முழுக்கச் சேறோடு வந்து நின்றாள். "இன்னா கேட்டீங்க எம்பொண்ணை?" என்றாள். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் புருஷனுக்கு உப்பு லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. சில நாள் லாரியோடு போய் இறக்கிவிட்டும் வருவான். அன்றைக்குக் காலையில் லாரி வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. அவன் ஏறுகிற நேரத்தில், பாட்டியோடு உள்ளே படுத்திருந்த இந்தப் பெண் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து, "எங்கப்பா போற? எங்கப்பா போற?" என்று கேட்டிருக்கிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் ஏறிப் போனான். பெருமுக்கல் தாண்டி லாரி கவிழ்ந்துவிட்டது.

"அவங்க வீட்டாளுங்க அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க. வாயை வெச்சுட்டா, அதான் போயிட்டான்னு. தெருவுல பசங்ககூட சொல்லுதுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் இன்னா சொல்றது? நாலு சாத்து சாத்தினேன். அன்னிக்கு எனக்கு யாரையாவது அடிக்கணும் போல இருந்துச்சு. இது பக்கத்துல இருந்துச்சு."

எனக்கு இது தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். நான் என்ன லண்டனிலா பிறந்தேன்? வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடுதான், ஆனாலும் அப்பா குடையைக் கையில் எடுத்தால் அம்மா "தூரமா?" என்று மட்டும்தான் கேட்பாள். எங்கே என்ற வார்த்தை வாயில் வராது. சின்ன வயதில் ஒரு தடவை நான் கேட்டுவிட்டு, அப்பா திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பியது நினைவிருக்கிறது. ஹாஸ்டலில் இரண்டு வருஷம் இருந்ததில், இங்கிலீஷ் புத்தகத்தில் படம் போட்ட விளையாட்டுகளைப் பார்த்ததில், எல்லாம் மறந்துவிட்டது.

மறந்ததோடு விட்டேனா? அவளிடம் வாதம் பண்ணினேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை அக்கா. ஒரு குழந்தை கேட்டதால லாரி கவுந்துடுமா? டிரைவர் தூங்கியிருப்பான், பிரேக் பிடிக்காம இருந்திருக்கும். குழந்தை மனசுல இதைப் போட்டு வெச்சா என்ன ஆகும் தெரியுமா?" என்று பாடப் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

அவள் கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். "நீங்க படிச்சவங்க. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா அவரு செத்துட்டாரே டீச்சரம்மா," என்றாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொல்லி, காரணமே இல்லாமல் சண்டை போட்டேன்.

அந்தப் பெண் நாலு நாள் வரவில்லை. வந்தபோது கொட்டகை வாசலில் இருந்த கம்பத்தின் பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தம்பிக்கு மட்டும் மண்ணில் ஏதோ கிறுக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. ஐந்தாவது வாரம் மேடம் மெட்ராஸிலிருந்து பஸ்ஸில் வந்து, பாதி நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். பிள்ளைகள் பாடினார்கள், எண்ணினார்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேடம் என் நோட்டைப் புரட்டி, காலியாக இருந்த பக்கத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்றார். "தெரியலை மேடம்," என்றேன். எனக்கு பி கிரேடு போட்டார். அன்றைக்கு அழுதேன், இன்றைக்குக் கேட்டால் பி அதிகம் என்றுதான் சொல்வேன்.

கடைசி வாரம் வந்தது. அண்ணனுக்கு வாய்மொழித் தேர்வுக்கு நாலு நாள்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் ஐந்தாறு பெண்கள் கூழ்ச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவும் இருந்தாள். அவளுடைய நாத்தனாரும், அதாவது செத்துப்போனவனின் தங்கையும், அதே வரிசையில் இருந்தாள். அண்ணன் புத்தகத்தை என்னிடம் கொடுத்தான். "நான் பாக்காம சொல்றேன். தப்பு வந்தா சொல்லு," என்று எழுந்து நின்றான்.

அடிமைகளாக இருந்த நாட்டிலிருந்து தப்பித்து வந்ததை நினைத்து அவர்கள் வருஷா வருஷம் வீட்டில் ஒரு பண்டிகை கொண்டாடுவார்கள் என்று ஆரம்பித்தான். வீட்டைச் சுத்தம் செய்வார்கள். புளிக்காத மாவில் ரொட்டி சுடுவார்கள். எல்லாரும் சாப்பாட்டைச் சுற்றி உட்கார்வார்கள். கீரையை உப்புத் தண்ணீரில் தோய்த்துத் தின்பார்கள்.

"உப்புத் தண்ணியிலயா? எதுக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்தக் காலத்துல அவங்க விட்ட கண்ணீருக்கு அடையாளமா."

"நாம தினம் அதுலதானே நிக்கறோம்," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"எல்லாம் தயாரா இருக்கும். அந்த வீட்டு அப்பா, முன்னோருங்க தப்பிச்சு வந்த கதையைச் சொல்லணும். ஆனா அவரா ஆரம்பிக்க முடியாது. அந்த வீட்டுலேயே சின்னப் பிள்ளை எதுவோ, அது முதல்ல கேள்வி கேக்கணும். இன்னிக்கு மட்டும் ஏம்பா இப்படி எல்லாம் செய்யறோம்னு கேக்கணும். அது கேட்டாத்தான் அப்பா வாயைத் திறக்கலாம்."

அந்தப் பெண்ணின் அம்மா கூழில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "சின்னப் பிள்ளை கேக்கலாமா?"

"கேக்கணும் அக்கா. கேக்காம இருந்தாத்தான் தப்பு. அப்பா அதுக்காகத்தான் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"கேட்டா ஒண்ணும் ஆவாதா?"

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்த்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். "ஒண்ணும் ஆகாது," என்றான் மெதுவாக.

"சரி, அந்தப் பிள்ளைக்குக் கேக்க வாய் வரலைன்னா?"

"அப்ப பொண்டாட்டி கேக்கணும். பொண்டாட்டியும் இல்லைன்னா..." அண்ணன் சொல்லிக்கொண்டே போனான். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பத்தின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏய் பொண்ணே. இங்க கேளு."

பெண் திரும்பவில்லை.

"கேளுடி. உங்கப்பாவை அன்னிக்கு மொதல்ல கேட்டது நீ இல்ல. நான்தான். நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன். எங்கய்யா போறன்னு நல்லா சத்தமாவே கேட்டேன். நீ கேட்டது அதுக்கப்புறம். நீ கேட்டதுல ஒண்ணும் இல்ல."

நாத்தனார் வாயிலிருந்த கூழை விழுங்க மறந்து பார்த்தாள். "இன்னா சொல்ற நீ? நீயா கேட்ட?"

"ஆமா, நான்தான் கேட்டேன். இத்தினி நாளா பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போ, போய் உங்கம்மாகிட்ட சொல்லு. ஊரு பூரா சொல்லு."

நாத்தனார் சட்டியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டாள். மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். தம்பியைக் கீழே விட்டுவிட்டு எழுந்து வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். அவள் உதடு அசைவதை முதலில் பார்த்தோம். பிறகுதான் சத்தம் வந்தது. கரகரவென்று, சளி பிடித்தவள் குரல் போல இருந்தது.

"உங்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு."

"எங்கன்னு?"

"திண்டிவனம்னாரு. சாயங்காலம் வந்துடறேன்னாரு."

"எங்கிட்ட சொல்லல," என்றாள்.

"சொன்னாருடி. லாரி சத்தத்துல உனக்குக் காதுல விழலை."

"கோவமா சொன்னாரா?"

"உங்கப்பாவுக்கு உம்மேல என்னிக்குடி கோவம் வந்திருக்குது?"

ஒண்ணரை வருஷமாக அந்தப் பிள்ளை இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறது. தன்னால்தான் அப்பா செத்தார் என்ற பயத்துக்குக் கீழே, அப்பா ஏன் பதில் சொல்லாமல் போனார் என்ற துக்கம் இருந்திருக்கிறது. நான் அத்தனை புத்தகம் படித்தும் எனக்கு இது எட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். அம்மாவும் பெண்ணும் மட்டும் அழவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா கூழ் குடித்தாரா, எந்தச் சட்டை போட்டிருந்தார், லாரியில் முன்னால் உட்கார்ந்தாரா மேலே உட்கார்ந்தாரா என்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் அம்மா உடனுக்குடன் பதில் சொன்னாள். மேஸ்திரி இரண்டு தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்ட பிறகுதான் வேலைக்கு எழுந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அண்ணன் சொன்னான். "லாரி வந்தப்பவே விடிஞ்சிருக்கும் இல்ல? இவங்கெல்லாம் இருட்டோட அளத்துக்கு வந்துடுவாங்களே. அப்ப அந்த அக்கா வீட்டுல எப்படி இருந்திருப்பாங்க?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "உன் பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் யோசி," என்று கத்தினேன். ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் அண்ணன் சொன்னது என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அண்ணன் பாஸாகிவிட்டான். ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வது போலவே சொன்னாய் என்று பாராட்டினார்களாம். வராமலா போகும், உப்பு அள்ளுகிற பெண்கள் அத்தனை பேரும் அவனைக் கேட்டுக் கேட்டுத் தயார் பண்ணியிருந்தார்களே.

அளத்தில் நிலைமை வேறு மாதிரி ஆனது. புருஷன் வீட்டில் யாரும் அந்தப் பெண்ணின் அம்மாவோடு பேசவில்லை. புருஷனை வாய் வைத்து அனுப்பியவள் என்று இப்போது அவளைச் சொன்னார்கள். நிறைந்த கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, இன்னொருத்தி கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். நாத்தனாரும் அவளைச் சேர்ந்தவர்களும் அவளுக்குக் கை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் கூடையில் பாதிதான் அள்ளுவாள், மண்டி போட்டுத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்வாள். அதனால் இரண்டு மடங்கு நடை. பெண் ஏதாவது கேட்டுக்கொண்டே அவள் பின்னால் வரப்பில் நடப்பதைக் கொட்டகையிலிருந்து பார்ப்பேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. எனக்குக் கல்லூரி திறக்கப் பத்து நாள் இருந்தது. நானும் கூடப் போனேன். அம்மாவும் நானும் வெளியே ஜன்னல் பக்கம் நின்றோம். பெண் மட்டும் உள்ளே போனாள். ஹெட்மாஸ்டர் காதைத் தொடச் சொன்னார். பெயரைக் கேட்டார். சொன்னாள்.

சந்தோஷத்தில் என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அக்கா, அன்னிக்குக் காலையில நிஜமாவே நீங்க வீட்டுலதான் இருந்தீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு அப்பா பேர் என்ன என்று கேட்டார். பெண் அதையும் கணீரென்று சொன்னாள்.

"பேசுது பாருங்க டீச்சரம்மா," என்றாள் அவள்.